குறைந்த செலவில் மடக்குக்கத்தி சேகரிப்பு: முதல் ஆறு கத்திகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மடக்குக்கத்தி சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஆன்லைனில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுகிறார்கள். சில மாதங்களில் டிராயர் நிறைந்துவிடும். அதில் பாதியைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே தோன்றாது. அந்தப் பணத்துக்கு ஆறு நல்ல கத்திகள் வாங்கியிருக்கலாம்.

மலிவு விலையிலும் நல்ல கத்திகள் நிறையவே இருக்கின்றன. ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம்: பாகங்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு நீங்கள் கொடுக்கும் காசு இரும்புக்கும் பொருத்தத்துக்கும் போகிறது. அதே விலையில் ஒருவர் டார்ச், திசைகாட்டி, கண்ணாடி உடைக்கும் முனை, வானவில் நிறப் பூச்சு எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார் என்றால், அந்தச் செலவை அவர் அலகிலிருந்துதான் எடுத்திருக்கிறார். இரண்டு தகடு, ஒரு அலகு, ஒரு ஆணி என்று நூறு வருடமாக ஒரே மாதிரி செய்துவரும் கத்தியில் ஏமாற்ற இடமே குறைவு.

முதலில் ஒரு கோட்டைப் பிடியுங்கள்

சேகரிப்பு என்றால் ஒரு தொடர்ச்சி வேண்டும். ஒரே நிறுவனத்தின் எல்லா அளவுகளையும் சேர்க்கலாம். ஒரே வடிவத்தைப் பல நிறுவனங்களிடமிருந்து வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புதியவர்களுக்கு என் பரிந்துரை, பூட்டு முறைக்கு ஒன்றாகச் சேர்ப்பது. அலகைத் திறந்த நிலையில் எது நிறுத்தி வைக்கிறது என்ற கேள்விக்கு மனிதர்கள் கண்டுபிடித்த விடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கத்தி வாங்கினால், மடக்குக்கத்தியின் வரலாறே ஐந்தாறு துண்டில் உங்கள் மேஜைக்கு வந்துவிடும். அந்த ஆறுமே விலை குறைந்த கத்திகளாக இருக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

பூட்டே இல்லாத உராய்வுக் கத்தி, முதுகு ஸ்பிரிங் கத்தி, சுழல் வளையம், முதுகுப் பூட்டு, உட்தகடு பூட்டும் லைனர் லாக், குறுக்குக் கம்பி லாக் என்று வரிசை போகிறது. இனி ஒவ்வொன்றாக.

உராய்வுக் கத்திக்கு ஜப்பானின் ஹிகோனோகாமி. ஹியோகோ மாகாணத்தில் மிக்கி என்ற ஊரில், நகாவோ கானேகோமா பட்டறையில் செய்கிறார்கள். மடித்த பித்தளைத் தகடுதான் பிடி. அலகின் பின்புறம் ஒரு சிறு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதுதான் பூட்டு. ஆணி தளர்ந்து அலகு தொளதொளத்தால், ஒரு இரும்புக் கட்டையில் வைத்து ஆணித் தலையில் சிறு சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டு தட்டினால் இறுகிவிடும். ஓங்கி அடித்தால் அலகு அசையாமலே போய்விடும், ஜாக்கிரதை. இதே வகையில் நியூசிலாந்தின் ஸ்வோர்ட் பெசன்ட் அளவில் பெரியது. பிடியைத் திருகாணியில் மாட்டியிருப்பதால் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

முதுகு ஸ்பிரிங் கத்தியைத்தான் ஊரில் பேனாக்கத்தி என்கிறோம். பூட்டு கிடையாது, பிடியின் முதுகில் உள்ள ஸ்பிரிங் அலகின் அடிக்கட்டையை, அதாவது பிடிக்குள் இருக்கும் அடிப்பகுதியை, அழுத்திக்கொண்டிருக்கும். இந்த வகையில்தான் தேர்வு அதிகம், ஏமாற்றமும் அதிகம். எனவே கீழே விரிவாகச் சொல்கிறேன். பிரான்சின் தியேர் நகரில் கோனியே நிறுவனம் 1929 முதல் செய்துவரும் டூக்-டூக் இதில் தனி ரகம். மடித்த இரும்புத் தகட்டுப் பிடி, அதில் மெலனேசியத் தெய்வ உருவம், கார்பன் ஸ்டீல் அலகு. ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும். நகம் மெல்லியதாக இருப்பவர்கள் திறக்கச் சிரமப்படுவார்கள்.

சுழல் வளையத்துக்கு ஓபினெல். இதற்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் குறைந்த விலையில் சேகரிப்பைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான கத்தி எனக்குத் தெரிந்து இல்லை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-இல் செய்த கத்தி இது. 1897-இல் 1 முதல் 12 வரை எண் கொடுத்து அளவுகள் வந்தன. 1-ஆம் எண்ணும் 11-ஆம் எண்ணும் பிறகு நின்றுபோயின. அலகு, பீச் மரப் பிடி, ஆணி, நிலையான வளையம், சுழலும் வளையம் என மொத்தமே ஐந்து பாகம். சுழலும் வளையம் 1955-இல் வந்தது. 2000-த்திலிருந்து மூடிய நிலையிலும் அது பூட்டும். 6-ஆம் எண்ணுக்கு 7 செ.மீ. அலகு, 7-க்கு 8, எல்லோரும் வாங்கும் 8-க்கு 8.5, 9-க்கு 9, 10-க்கு 10, 12-க்கு 12 செ.மீ. 2 முதல் 5 வரை சுழலும் வளையம் இல்லை. முடிசூடிய கை முத்திரை அலகில் இருக்க வேண்டும். கார்பன் ஸ்டீலா எவர்சில்வரா என்பதும் அலகிலேயே பதித்திருக்கும்.

ஓபினெலில் வரும் ஒரே தொல்லை மரம். மழைக்காலத்தில் பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதும். அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சவோய்க்காரர்களின் வழி, வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டுப் பிடியின் அடிமுனையை மேஜை விளிம்பில் தட்டுவது. அலகு கொஞ்சம் எழும், பிறகு நகத்தில் பிடித்து இழுக்கலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் நன்றாக உலர்ந்த பிறகு 220 நம்பர் உப்புத்தாளை ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையில் சுற்றி, அலகு உட்காரும் பிளவின் இரு சுவரையும், ஆணிக்குப் பக்கத்தில் மட்டும், நாலைந்து இழுப்பு தேயுங்கள். பிறகு அங்கே வாசலினோ மெழுகோ தேய்த்துவிட்டால் ஈரம் ஏறுவது குறையும். உப்புத்தாளை அதிகம் ஓட்டினால் வெயில் காலத்தில் மரம் சுருங்கி அலகு ஆடத் தொடங்கும். குறைவாகத் தேய்த்து ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திரும்பத் தேய்ப்பது நல்லது.

பிடியின் முதுகில் உள்ள பட்டை அலகின் அடிக்கட்டையில் விழுந்து பூட்டுவது முதுகுப் பூட்டு. அதற்கு அமெரிக்காவின் பக் 110. 1964-இல் வந்தது, இடுப்பில் உறைக்கத்தி கட்டும் வேட்டைக்காரர்கள் மடக்குக்கத்தியை நம்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். அலகு 3¾ அங்குலம், 420எச்சி இரும்பு. பித்தளை முனைகள் இருப்பதால் 200 கிராமைத் தொடும். நைலான் பிடி போட்ட எடை குறைந்த ரகம் விலையிலும் குறைவு. ஆனால் பூட்டு முறைக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் பித்தளை உள்ளதற்குக் காத்திருங்கள். அதன் கனமும் பூட்டு விழும் ஓசையும் சேர்ந்ததுதான் அந்தக் கத்தி. இதே வகையில் விலை குறைந்த இன்னொன்று, ஜெர்மனியின் சோலிங்கனில் ஓட்டர் நிறுவனம் செய்யும் மெர்க்காட்டர். கறுப்புத் தகட்டுப் பிடியில் பூனை உருவம் பதித்தது. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாத அளவுக்குத் தட்டை.

லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர், 1980-களின் தொடக்கத்தில். குறுக்குக் கம்பி லாக்கில் பிடியின் குறுக்கே ஸ்பிரிங்கில் நகரும் கம்பி அலகின் அடிக்கட்டையைத் தாங்கும்; அது 1998-இல் அமெரிக்க நிறுவனமான பெஞ்ச்மேட் மூலம் பிரபலமானது. காப்புரிமைக் காலம் முடிந்ததால் இன்று சிவிவி, சிஜேஆர்பி, கான்சோ போன்ற சீனத் தயாரிப்பாளர்களும் அதைக் குறைந்த விலையில் தருகிறார்கள். இந்த இரண்டுக்கும் அவர்களிடமே போகலாம். கடந்த சில வருடங்களில் இவர்களின் வேலைத்தரம் நன்றாக ஏறியிருக்கிறது.

முதுகு ஸ்பிரிங் வகையில் விக்டோரினாக்ஸை விட்டுவிட்டு எந்தப் பட்டியலும் நிறையாது. கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய பட்டறை அது. 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தி வந்தது. 58, 84, 91, 93, 111 மி.மீ. என்று பிடி நீளத்தால் பிரித்துத்தான் சேகரிப்பவர்கள் பேசுவார்கள். 91-இல் ஸ்பார்ட்டன், டிங்கர் போன்ற இரண்டடுக்குக் கத்திகள் விலையும் குறைவு, தடிமனும் குறைவு. முப்பது கருவி உள்ளது அலமாரியில்தான் கிடக்கும். பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், சிவப்புப் பிளாஸ்டிக்கைவிட 93 மி.மீ. அலுமினியப் பிடி பயனீர் எடுங்கள். அது சுவிஸ் ராணுவத்தின் 1961 மாடல் சிப்பாய்க் கத்தியின் வழி வந்தது. அந்தச் சிப்பாய்க் கத்தி பழையதாகக் கிடைத்தால் அலகின் அடியில் தயாரித்த வருடம் இரண்டு இலக்கத்தில் பதித்திருக்கும். வருட வரிசையில் சேர்ப்பவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

அமெரிக்க வடிவங்கள், சீன விலை

பேனாக்கத்தியில் அமெரிக்கர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வடிவம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஸ்டாக்மேன் என்றால் மூன்று அலகு: முனை வளைந்த பெரிய அலகு, நேர் விளிம்பும் மழுங்கிய முனையும் உள்ள ஆட்டுக்குளம்பு அலகு, காளைகளுக்குக் காயடிக்கப் பயன்பட்ட உருண்டை முனை அலகு. ட்ராப்பரில் ஒரே நீளத்தில் இரண்டு அலகு. பீனட் மூடிய நிலையில் 2⅞ அங்குலம்தான். சாட்பஸ்டர் ஒற்றை அகல அலகும் சாதாரணப் பிடியும் உள்ள தோட்டக்காரர் கத்தி.

இந்த வடிவங்களுக்குப் பெயர்போனது பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம். ஆனால் புதியவருக்கு அதன் விலை கொஞ்சம் கனம். முதலில் வடிவங்களைக் கையில் பழக, டென்னசியின் ஸ்மோக்கி மவுன்டன் நைஃப் வொர்க்ஸ் சீனாவில் செய்வித்து விற்கும் ரஃப் ரைடர் கத்திகள் போதும். 440ஏ இரும்பு, மாட்டெலும்புப் பிடி. ஒரு கேஸ் கத்தியின் விலைக்கு இவற்றில் மூன்று நான்கு கிடைக்கும். ஸ்டாக்மேன், ட்ராப்பர், பீனட் மூன்றையும் வாங்கி ஒரு மாதம் பையில் போட்டுப் பாருங்கள். எது கைக்குப் பிடித்துப்போகிறதோ அதைப் பிறகு கேஸில் வாங்கலாம். பார்க்காமல் நேரடியாகக் கேஸ் ட்ராப்பர் வாங்கி, சட்டைப் பைக்கு அது பெரிது என்று கண்டு விற்றவர்கள் நிறையப்பேர்.

கேஸ் கத்தியில் பதித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 6318 என்றால் 6 எலும்புப் பிடி, 3 அலகுகளின் எண்ணிக்கை, 18 வடிவத்தின் எண். 1970 முதல் முத்திரைக்குக் கீழே புள்ளிகள்: 1970-இல் பத்து, ஒவ்வொரு வருடமும் ஒன்று குறைந்து 1979-இல் ஒன்று. பழைய கத்தி விற்பவர் சொல்லும் வருடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும் வரிசை

பெட்டியைப் பிரித்ததும் வெட்டிப் பார்க்கத் தோன்றும். பொறுங்கள், வெட்டிவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. முதலில் கத்தியை மூடிய நிலையில் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பொருத்தம் சரியில்லை. மலிவுக் கத்தியில் மயிரிழை வெளிச்சம் ஓரிடத்தில் தெரிவதைப் பொறுக்கலாம். நகம் நுழையும் இடைவெளி என்றால் திருப்பி அனுப்புங்கள்.

மூடிய கத்தியின் மேல் கட்டைவிரலை ஓட்டுங்கள். அலகின் முனை பிடிக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. மயிரளவு துருத்தினாலும் பைக்குள் கைவிடும்போது விரல் கிழியும்.

அடுத்தது திறப்பது. நகப் பள்ளத்தில் பிடித்து மெதுவாக இழுங்கள். சேகரிப்பவர்கள் இழுவையை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடுவார்கள்; ஐந்து முதல் ஏழு வரை வசதியானது. மூன்றுக்குக் கீழே என்றால் பையிலேயே திறந்துகொள்ளும், அது ஆபத்து. மணல் அரைபடுவது போல் உறுத்தினால் பயப்பட வேண்டாம்: பாலிஷ் போட்ட தூசி உள்ளே தங்கியிருக்கும். இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு இருபது முப்பது தடவை திறந்து மூடினால் கறுப்பாக வழிந்து வரும். துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் விடுங்கள், வழிவது தெளிவாகும்வரை. பாதி வழியில், தொண்ணூறு டிகிரியில் டக்கென்று நிற்கும் கத்திகளும் உண்டு. அது பழுதல்ல, மூடும்போது விரல் அடியில் இருந்தால் காப்பாற்றுவதற்காக அடிக்கட்டையைச் சதுரமாக வைத்திருக்கிறார்கள்.

மூன்று நிலையிலும், அதாவது மூடியிருக்கும்போது, பாதியில், முழுதும் திறந்த பிறகு, கத்தியின் முதுகைத் தடவிப் பாருங்கள். ஸ்பிரிங் மேடோ பள்ளமோ இல்லாமல் தகட்டோடு சமமாக இருந்தால் அந்தப் பட்டறையில் யாரோ கவனமாக வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த விலையில் மூன்றும் சமமாக அமைவது அரிது. திறந்த நிலையில் சமமாக இருந்தாலே நான் ஏற்றுக்கொள்வேன்.

இனி ஆட்டம். ஒரு கையில் பிடியை அழுத்தி வைத்து, மறு கையின் இரண்டு விரலால் அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பிறகு மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி அசைவு பரவாயில்லை. மேலும் கீழுமாக அசைந்தால், ஸ்பிரிங்குக்கும் அலகின் அடிக்கட்டைக்கும் தொடர்பு சரியில்லை. ஆணியடித்த கத்தியில் இதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

புதியவர்கள் கவனிக்காமல் விடும் பழுது ஒன்று உண்டு. கத்தியைப் படாரென்று மூடும்போது அலகின் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் போய் இடிக்கும். அலகின் அடியில், கூர் தொடங்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு சிறு மேடு இருக்கும். அதுதான் ஸ்பிரிங்கில் உட்கார்ந்து அலகைத் தூக்கி வைக்கிறது. அந்த மேட்டைப் பட்டறையில் அதிகமாகத் தேய்த்துவிட்டால் கூர் இடிபடும். கண்டுபிடிக்க, ஐந்தாறு முறை விட்டு மூடிய பிறகு, திறந்து அலகின் கூர் விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது. நடுவில் எங்காவது ஒரு பொட்டு மின்னினால் அங்கே கூர் தட்டையாகிவிட்டது. மற்ற எல்லாம் நன்றாக இருந்து இது மட்டும் குறை என்றால், பிடியில் அலகு உட்காரும் பள்ளத்தின் அடியில் மெல்லிய தோல் துண்டு ஒட்டலாம், அல்லது கையால் மெதுவாக மூடிப் பழகலாம். விலை உயர்ந்த கத்தியில் இதைப் பொறுக்கவே வேண்டாம்.

எலும்புப் பிடியில் ஆணித் தலைகளைச் சுற்றி மயிர்க்கோடு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆணியை இறுக்கும்போது விழும் விரிசல் அது, பிறகு நீளும்.

லைனர் லாக்கில் பார்க்க வேண்டியது வேறு. திறந்ததும் உட்தகடு அலகின் அடியை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பாருங்கள். தடிமனில் கால்பங்கு முதல் பாதிக்குச் சற்று மேல்வரை என்றால் நல்லது. விளிம்பில் மட்டும் தொட்டால் வழுக்கும். புதிதிலேயே எதிர்ப்பக்கம்வரை போய்விட்டால் தேய இடம் இல்லை. மூடிய கத்தியை முனை கீழாகப் பிடித்து உதறுங்கள். அலகு வெளியே வரக் கூடாது. பூட்டைச் சோதிக்க அலகின் முதுகை மேஜையில் அடிக்க வேண்டாம், அதனால் நல்ல பூட்டும் கெடும். விரல்களை அலகின் பாதைக்கு வெளியே வைத்துக்கொண்டு முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் போதும்.

இரும்பைப் பற்றி

இரும்பின் பெயருக்காகக் கத்தி வாங்க வேண்டாம். ஆனால் பெயரே சொல்லாத கத்தியையும் வாங்க வேண்டாம். "சர்ஜிக்கல் ஸ்டீல்", வெறும் "440", வெறும் "ஸ்டெயின்லெஸ்" என்று போட்டிருந்தால் விற்பவர் எதையும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 440-இல் ஏ, பி, சி என்று மூன்று உண்டு. ஏ-யில் கார்பன் குறைவு, சி-யில் அதிகம். மலிவு விலையில் 420எச்சி, 440ஏ, 8சிஆர்13எம்ஓவி, 12சி27, ஏயூஎஸ்-8 ஆகியவை எல்லாம் நம்பலாம். டி2 கூர்மையை நீண்ட நாள் தாங்கும், ஆனால் குரோமியம் சுமார் 12 சதவீதம்தான். கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் துருப் புள்ளி விழும். 14சி28என் கிடைத்தால் விடாதீர்கள்: எளிதில் துருவும் பிடிக்காது, சாணைக்கும் எளிது.

ஒரே இரும்பும் பதம் வைப்பதில், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவதில், மாறும். பக் 420எச்சி என்ற சாதாரண இரும்பை நன்றாகப் பதம் வைப்பதால்தான் அது நல்ல பெயர் எடுத்தது. விக்டோரினாக்ஸ் சுமார் 56 ராக்வெல் கடினத்தில்தான் வைத்திருக்கிறார்கள். கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணக் கல்லில் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடும். சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல அலகு கிடையாது.

தொழிற்சாலையில் தீட்டி அனுப்பிய கூர்மையை வைத்து இரும்பை எடைபோட வேண்டாம். மலிவுக் கத்திகளைப் பெல்ட்டில் அவசரமாகத் தீட்டுவதால் முனையில் மெல்லிய பிசிர் நிற்கும். முதல் நாள் பேப்பர் வெட்டும், இரண்டு அட்டைப்பெட்டி அறுத்ததும் மழுங்கும். கூரின் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, 1000 நம்பர் கல்லில் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் தேயுங்கள். கறுப்பு முழுச் சரிவிலும் அழிந்தால் கோணம் சரி; மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கத்தியை இன்னும் நிமிர்த்துங்கள், விளிம்பில் மட்டும் அழிந்தால் இன்னும் சாய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தடவை தீட்டிய பிறகுதான் உண்மையான இரும்பு வெளியே வரும். அப்போது முடிவு செய்யுங்கள்.

எங்கே பணம் போகும்

மரப்பெட்டியில் பத்து கத்தி கொண்ட செட், அலகில் அலை அலையாக வரிகள் தெரியும் மலிவு "டமாஸ்கஸ்", பெரிய பிராண்டு பெயரில் பாதி விலைக்கு வரும் சரக்கு ஆகிய மூன்றையும் தவிருங்கள். மலிவு டமாஸ்கஸில் வரிகளைப் பார்த்து மயங்குகிறோம்; உள்ளே என்ன இரும்பு, எப்படிப் பதம் வைத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பல நேரம் வரிகளே அமிலத்தால் எழுதியவை. ஸ்பைடர்கோ, பெஞ்ச்மேட் போலிகள் இணையக் கடைகளில் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றை வைத்திருக்கும் சேகரிப்புக்கு மரியாதையும் இல்லை, மறுவிற்பனை மதிப்பும் இல்லை. லகியோல் என்பது ஒரு கத்தி வடிவத்தின் பெயர். அந்தப் பெயரும் தேனீ உருவமும் மட்டுமே பிரான்சில் செய்ததற்குச் சாட்சி ஆகாது. எந்தப் பட்டறை என்று கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அஞ்சல் கட்டணமும் சுங்கவரியும் சேர்த்து விலையைக் கணக்கிடுங்கள். மலிவுக் கத்தியின் மலிவு அங்கேதான் கரையும். மான்கொம்புப் பிடி போட்ட கத்தியை இந்தியாவுக்கு வரவழைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கல் வரும். மாட்டெலும்பு அல்லது மரப் பிடி போதும்.

பழைய கத்தியில் அலகின் அகலத்தை முதலில் பாருங்கள். அதே மாடலின் புதிய படத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு சாணைக்குப் போயிருக்கிறது என்று தெரியும். முனை கூடுதலாக உருண்டிருந்தால் உடைந்ததைத் தேய்த்திருக்கிறார்கள். கண்ணாடி மாதிரி பளபளக்கும் பழைய அலகு சந்தேகத்துக்குரியது: துருக்குழிகளை மறைக்கப் பாலிஷ் போட்டிருப்பார்கள், முத்திரையின் எழுத்து விளிம்புகளும் அதோடு கரைந்திருக்கும். கறுத்துப்போன, முத்திரை தெளிவாக உள்ள கத்தியையே எடுங்கள்.

நம் காற்றில் வைத்திருக்க

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் கார்பன் ஸ்டீல் அலகு ஓரிரு நாளில் செம்புள்ளி போடும். வெட்டிய உடனே கழுவித் துடைத்து, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ அல்ல, மினரல் ஆயில் ஒரு சொட்டு தடவுங்கள். சமையல் எண்ணெய்கள் நாளாக நாளாகப் பிசினாகிக் கத்தியின் மூட்டை ஒட்டவைத்துவிடும். பழம் நறுக்கும் கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. மற்றவற்றுக்குத் தையல் மிஷின் எண்ணெய். மாங்காய், எலுமிச்சை நறுக்க நறுக்கக் கார்பன் அலகு சாம்பல் நீலமாகக் கறுக்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அந்தப் படலம் செந்துருவைத் தள்ளிப்போடும். செம்புள்ளி மட்டும் வந்தால் எண்ணெயில் நனைத்த நைந்த துணியால் தேய்த்து எடுங்கள்.

தோல் உறையில் போட்டு வைக்கவே கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பொட்டலம் ஈரம் குடித்து ஓய்ந்துபோகும், மழைக்காலத்தில் மாற்றுங்கள். பழைய செல்லுலாய்டு பிடி உள்ள கத்தி கிடைத்தால் அதை மற்றவற்றோடு சேர்க்கவே வேண்டாம். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

சேகரிப்பது வேறு, பையில் கொண்டு போவது வேறு. இந்தியாவில் 2016 ஆயுத விதிகள், வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் வைக்கின்றன. இங்கே சொன்ன எதுவும் அந்த அளவை நெருங்காது. ஆனால் உள்ளூர் உத்தரவுகள் தனியாக இருக்கலாம். பட்டனைத் தட்டினால் பாயும் கத்தியைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். பல நாடுகளில் தடை, சுங்கத்திலும் நிற்கும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் கவனிக்க: காரணம் இல்லாமல் வெளியே கொண்டு போக, கத்தி பூட்டாத மடக்குக்கத்தியாகவும் கூர் 3 அங்குலத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஓபினெல் 8 பூட்டும், எனவே அதில் வராது. சுழலும் வளையம் இல்லாத 5-ஆம் எண், 6 செ.மீ. அலகோடு, அந்த வரம்புக்குள் வரும், 91 மி.மீ. விக்டோரினாக்ஸும் அப்படியே.